உஸ்மான் செம்பேன் படத்தை ஊர்த் திடலில் போட வேண்டும்: எதில் தொடங்கலாம்?

அரூர் வாசகன்:

வணக்கம். அரூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சில நண்பர்கள் சேர்ந்து ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். புத்தகம் மட்டுமே பேசிக்கொண்டிருந்த வட்டத்தில் இப்போது படம் போடலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. நண்பர் ஒருவர் புரொஜெக்டர் தருகிறேன் என்கிறார். மாரியம்மன் கோயில் திடலில் இடமும் கிடைக்கும்.

செனகல் நாட்டு இயக்குநர் உஸ்மான் செம்பேனைப் பற்றி ஒரு கட்டுரை படித்ததிலிருந்து, முதல் படம் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாவல் எழுதியவர், நாற்பது வயதில் கேமராவைத் தொட்டவர் என்று படித்தபோது, இவர் நம் ஆள் என்று தோன்றியது. வட்டத்தில் மூத்தவர் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. "அவார்டு படத்தைத் திடலில் போட்டால் கால் மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும்" என்கிறார். அவர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. வரப்போகிறவர்கள் யார் என்றால், பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு நோம்பிக்கு ஊர் திரும்புகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை அவர்களில் யார் படிப்பார்கள்?

எந்தப் படத்தில் தொடங்கலாம்? இணையத்தில் தேடினால் எல்லோரும் 'பிளாக் கேர்ள்' என்கிறார்கள். மொழிக்கு என்ன செய்வது? அப்புறம், படத்துக்கு முன்னால் நான்தான் ஐந்து நிமிடம் அவரைப் பற்றிப் பேச வேண்டும். "ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை" என்று ஆரம்பிக்கலாமா?


காவேரிப்பட்டணம் திரை:

தம்பி, பிடிவாதத்தை விட்டுவிடாதே. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கமெல்லாம் வெள்ளைத் துணியையும் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு பல வருடமாக அலைகிறவன் நான். செம்பேன் படம் திடலில் நிற்கும். புத்தகம் எட்டாத ஜனங்களிடம் போய்ச் சேரத்தான் அந்த மனிதர் சினிமாவுக்கே வந்தார்.

"தந்தை" பட்டத்தில் மட்டும் தொடங்காதே. அதைக் கேட்டதும் நம் ஜனம் அவரைச் சுவரில் மாலை போட்டு மாட்டிய போட்டோ மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடும். முதுகெலும்பு முறிந்த இடத்தில் தொடங்கு. 1951, பிரான்ஸின் மார்சேய் துறைமுகம். கப்பலிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளி ஒருவருக்கு முதுகெலும்பில் அடிபட்டு மாதக்கணக்கில் படுக்கை. பிழைத்து எழுந்தவருக்கு இனி பழையபடி சுமை தூக்க முடியாது. தொழிற்சங்க நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தள்ளினார். படித்ததில் ஆப்பிரிக்கத் தொழிலாளியைப் பற்றி, அவனே பேசுகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தார். 1956இல் முதல் நாவல் வந்தது. அதன் நாயகனே ஒரு கறுப்பினத் துறைமுகத் தொழிலாளிதான். இதைச் சொல்லிப் பார், கட்டட வேலைக்குப் போய் வந்தவன் நிமிர்ந்து உட்காருவான்.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1923இல் செனகலின் தெற்கே, கசமான்ஸ் பகுதியிலுள்ள சிகின்ஷோரில் பிறந்தார். அப்பா மீன்பிடிக்கிறவர். நாடு பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. பள்ளியில் தலைமையாசிரியரோடு மோதல் ஏற்பட்டு வெளியேற்றப்பட்டார், படிப்பு அதோடு சரி. தலைநகர் டக்காரில் கொத்து வேலையும் மெக்கானிக் வேலையும் பார்த்தார். 1944இல் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து ஊர் வந்தபோது வேலையில்லை. 1947 அக்டோபரில் டக்கார்–நைஜர் ரயில் பாதைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, அடுத்த மார்ச் வரை தாக்குப்பிடித்தார்கள். அதை 1960இல் பெரிய நாவலாக எழுதினார். அதில் தியெஸ் ஊர்ப் பெண்கள் டக்கார் வரை நடந்தே ஊர்வலம் போவார்கள். பிரான்ஸுக்கு அவர் போனது கப்பலில் ஒளிந்துகொண்டு. முதலில் பாரிஸில் சித்ரோயன் கார் தொழிற்சாலை, பிறகுதான் மார்சேய்.

1960இல் செனகல் விடுதலை பெற்ற காலத்தில் திரும்பி வந்து ஊர் ஊராகச் சுற்றினார். அப்போதுதான் அவருக்கு அந்த உண்மை உறைத்தது. தன் நாவல்கள் பிரெஞ்சில் இருக்கின்றன, யாருக்காக எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. நாவலாசிரியராகப் பேர் வாங்கிய மனிதர், நாற்பதை நெருங்கும் வயதில், மாஸ்கோவின் கார்க்கி ஸ்டூடியோவில் மார்க் தோன்ஸ்கோய் என்ற இயக்குநரிடம் மாணவராகச் சேர்ந்தார். சினிமா என்பது மக்களுக்கான இரவுப் பள்ளி என்று அடிக்கடி சொல்வார். படப்பெட்டியோடு கிராமங்களுக்குப் போய், திரையிட்டு, முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஜனங்களோடு விவாதிப்பார். நீ திடலில் போட நினைப்பது அவர் போன வழிதான்.

எதில் தொடங்குவது என்றால், யோசிக்காமல் 'போரோம் சாரெட்'. 1963இல் எடுத்தது, கறுப்பு வெள்ளை, சுமார் இருபது நிமிடம். அதற்கு முன் பிரெஞ்சு ஆட்சியில், காலனிகளில் யாரும் படம் எடுக்க வேண்டுமானால் அதிகாரிகளின் அனுமதி வாங்க வேண்டும் என்று 1934லேயே ஓர் ஆணை இருந்தது. அதனால் ஆப்பிரிக்க இயக்குநர் பவுலின் வியேராவும் நண்பர்களும் 1955இல் எடுத்த படத்தைக்கூட பாரிஸிலேயே எடுக்க வேண்டியதாயிற்று. சஹாராவுக்குத் தெற்கே, கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் சொந்த மண்ணில் எடுத்த முதல் கதைப்படம் என்று பலரும் 'போரோம் சாரெட்'டைக் கணக்கில் வைப்பது இந்தப் பின்னணியில்தான்.

கதை, டக்காரில் குதிரை வண்டி ஓட்டுகிற ஒருவனின் ஒரு நாள். வண்டியில் ஏறுகிற பலர் காசு தருவதில்லை. ஒருவர் இறந்துபோன கைக்குழந்தையைச் சுமந்து இடுகாட்டுக்கு வருகிறார், அவருடைய காகிதம் சரியில்லை என்று உள்ளே விட மறுக்கிறார்கள். கடைசியில் கோட் போட்ட ஒருவர், பணக்காரர்கள் வாழும் மேட்டுப் பகுதிக்கு வண்டியை ஓட்டச் சொல்கிறார். அங்கே குதிரை வண்டிக்குத் தடை. போலீஸ்காரர் நிறுத்துகிறார். பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுக்கும்போது வண்டிக்காரனின் பதக்கம் கீழே விழுகிறது. எடுக்கக் குனிகிறான். அதன் மேல் பூட்ஸ் கால் வந்து நிற்கிறது. வண்டி பறிபோகிறது, குதிரையை மட்டும் நடத்திக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஓர் ஊரில் இதைப் போட்டபோது, விளக்கைப் போட்டதும் முதல் கேள்வி மினி டெம்போ ஓட்டுகிற ஒரு பையனிடமிருந்து வந்தது. "வண்டியை ரிலீஸ் பண்ண எவ்வளவு கட்டணும்ணா?" படத்தில் அதற்குப் பதில் இல்லை. அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்குத் தாங்கள் கட்டிய அபராதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்துதான் விஷயம் சூடு பிடித்தது. படத்தின் நடுவில், வண்டிக்காரன் கஞ்சி குடிக்கக்கூட வழியில்லாமல் நிற்கிற நேரத்தில், குலப்பெருமை பாடுகிற பாணன் ஒருவன் வந்து அவன் முன்னோர்களின் வீரத்தைப் புகழ்ந்து பாடுவான். இவனுக்கு நெஞ்சு விம்மும். காலையிலிருந்து சம்பாதித்ததை அள்ளிக் கொடுத்துவிடுவான். எங்கள் கூட்டத்தில் தெருக்கூத்தில் வேஷம் கட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து, "பாட்டுக்காரனுக்குக் கொடுத்ததைக் குத்தமா காட்டறானா உங்க டைரக்டரு?" என்று கேட்டார். உடனே பின்னாலிருந்து ஓர் அம்மா, "வீட்ல புள்ள பட்டினி கிடக்குது, இவன் பெருமைக்கு வாரிக் குடுத்துட்டு வரான், அதைக் காட்டாம?" என்றார். அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. படத்தைவிடப் பேச்சு நீளமாக ஓடியது. செம்பேன் அங்கே இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பார் என்று நான் மனதார நம்புகிறேன்.

இரண்டாவது திரையிடலுக்கு 'மண்டாபி'யை எடு. 1968, வண்ணப்படம், வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. பிரான்ஸ் அரசின் நிதியும் இருந்ததால் பிரெஞ்சிலும் எடுக்க வேண்டியிருந்தது, ஆனால் தன் ஜனம் பேசுகிற வோலோஃப் மொழியிலும் எடுத்தே தீருவேன் என்று எடுத்தார். பாரிஸில் தெருக் கூட்டுகிற மருமகன், வேலையில்லாத மாமன் இப்ராஹிமாவுக்கு 25,000 பிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். அதில் மாமனுக்கு 2,000, தன் அம்மாவுக்கு 3,000, மீதி 20,000 பத்திரமாக வைக்க வேண்டியது. தபால் ஆபீஸில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும், போட்டோ வேண்டும், ஸ்டாம்பு வேண்டும். பிறந்த தேதியே அவருக்குத் தெரியாது. பணம் கைக்கு வரும் முன்பே கடன்காரர்களும் சொந்தக்காரர்களும் வாசலில். நம் பக்கத்துப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு ஆதாரில் ஜனவரி 1 பிறந்த நாளாக ஏறியிருக்கிறது! இ-சேவை மையத்தில் வரிசையில் நின்ற எவருக்கும் இந்தப் படத்தை நீ விளக்க வேண்டியதில்லை.

'பிளாக் கேர்ள்' மிக உயர்ந்த படம், சந்தேகமே இல்லை. ஆனால் நாயகி தற்கொலை செய்துகொள்கிறாள். பிள்ளைகள் முன்வரிசையில் உட்காரும் திறந்த திடலில், முதல் திரையிடலாக அதை நான் போட மாட்டேன்.


பாலக்கோடு டீச்சர்:

அண்ணன் சொல்வதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். 'பிளாக் கேர்ள்' படத்தைத் திடலில் போட வேண்டாம், சரி. ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள் தம்பி. பெண்களை மட்டும் கூட்டி, ஓர் அறைக்குள், முதல் மாதத்திலேயே போடுங்கள்.

நம் மாவட்டத்திலிருந்து எத்தனை வீட்டுப் பெண்கள் பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். என் சின்னம்மா ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் கூட்டிப் போனார்கள். போன பிறகு சமையல், துணி, பாத்திரம், எல்லாம் அவர் தலையில். படத்தில், நாயகி திவானாவை டக்காரில் வேலைக்கு எடுக்கும் காட்சியைப் பாருங்கள். வேலை தேடும் பெண்கள் தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிரெஞ்சு முதலாளியம்மா வந்ததும் எல்லோரும் முண்டியடிக்க, ஒதுங்கி நிற்கிற திவானாவை அவள் தேர்ந்தெடுக்கிறாள். பிள்ளையைப் பார்க்கத்தான் என்று சொல்லிப் பிரான்ஸின் கடற்கரை ஊரான ஆன்டிபுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவள் பார்த்த பிரான்ஸ், சமையலறை, குளியலறை, படுக்கையறை, கூடம், அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது கடிதக் காட்சி. திவானாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து அம்மா பேரில் கடிதம் வருகிறது. முதலாளி அதைப் படித்துக் காட்டுகிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்க, பதிலையும் அவரே அவள் சார்பில் எழுதத் தொடங்குகிறார். தன் அம்மாவுக்குப் போகிற கடிதத்தில் தன் சொல் ஒன்றுகூட இல்லை. மகளிர் குழுவில் இதைப் பார்த்த ஓர் அக்கா, "எங்க வீட்டுக்கு நான் போன் பேசும்போது அந்தம்மா பக்கத்துலயே நிக்கும்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசினார்கள். முடிவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். முடிந்ததும் உடனே அனுப்பிவிடாமல் உட்கார வைத்துப் பேசுங்கள்.

1966இல் வந்த படம், அந்த வருடமே பிரான்ஸில் ழான் விகோ பரிசு பெற்றது. திவானாவாக நடித்த ம்பிசின் தெரேஸ் தியோப் தையல் வேலை பார்த்தவர். அந்த முகத்தை மறக்க முடியாது.

இன்னொரு படமும் குறித்துக்கொள்ளுங்கள்: 'மூலாதே', 2004. எண்பது வயதைத் தொட்டவர் எடுத்த படம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்துக்கு எதிரானது. ஓடிவந்த நாலு சிறுமிகளைக் காப்பாற்ற, கொல்லே என்ற பெண் தன் வீட்டு வாசலில் ஒரு கயிற்றைக் கட்டுகிறாள். அடைக்கலக் கயிறு, அதைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது. ஊர் ஆண்களுக்குக் கோபம் வந்து பெண்களின் ரேடியோக்களை எல்லாம் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். பெண் சிசுக்கொலையும் குழந்தைத் திருமணமும் பார்த்த மண் நம்முடையது. எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் ஒவ்வொரு பெண் பிள்ளைக்காகவும் வாசலில் அப்படி ஒரு கயிறு கட்டத் துணிகிற அம்மாக்கள் நமக்கு வேண்டும். அதற்காகவே இந்தப் படத்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.


ஓசூர் நைட் ஷிப்ட்:

அறிமுகத்தில் அவர் சொந்த நாட்டு அரசையும் விட்டுவைக்கவில்லை என்பதைச் சேர்த்துக்கொள் தோழா. பிரெஞ்சுக்காரனை மட்டும் திட்டியவர் என்று நினைத்துவிடக் கூடாது.

1975இல் வந்த 'ஹாலா'வில், விடுதலைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்த புதுப் பணக்காரர்களை வெளுத்து வாங்கினார். செனகல் தணிக்கையில் பல இடங்களில் கத்தரி விழுந்தது. வெட்டப்பட்ட காட்சிகள் என்னென்ன என்று நோட்டீஸ் அடித்துப் பார்க்க வந்தவர்களிடம் கொடுத்தார். 1977இல் வந்த 'செட்டோ' செனகலில் பல வருடம் தடையில் கிடந்தது, தலைப்பின் எழுத்துக்கூட்டல் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். அப்போதைய ஜனாதிபதி கவிஞர் செங்கோர். இந்த செங்கோர்தான் திராவிடருக்கும் ஆப்பிரிக்கருக்கும் உறவு தேடுவதில் ஆர்வம் காட்டியவர், நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் டக்காரில் போய் ஆய்வு செய்ததும் அந்தக் காலத்தில்தான். தமிழ் ஆட்களுக்கு அவரைப் பிடிக்கும். அவரோடு செம்பேன் நேருக்கு நேர் நின்றதும் தெரிய வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளிகள் நடுவில் போட எனக்குப் பிடித்தது 1988இன் 'தியாரோய் முகாம்', தியேர்னோ ஃபாத்தி சோவோடு சேர்ந்து இயக்கியது. பிரான்ஸுக்காகச் சண்டை போட்டு, ஜெர்மன்காரனிடம் சிறைப்பட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சு ராணுவமே அவர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் 35 பேர் என்று அன்று கணக்குக் காட்டினார்கள், அதைவிட மிக அதிகம் என்று வரலாற்றாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்தப் பட்டாளத்தில் இருந்தவர் எடுத்த படம் அது. இரண்டரை மணி நேரம் ஓடும், முதல் தடவைக்கு வேண்டாம்.


அரூர் வாசகன்:

அண்ணா, டீச்சர், தோழர், மூவருக்கும் நன்றி. மூத்தவரிடம் வண்டிக்காரன் கதையைச் சொன்னேன், "இருபது நிமிஷம்தானே, போடு" என்றுவிட்டார். 'போரோம் சாரெட்' முடிவு. மொழிதான் பாக்கி. அண்ணா, நீங்கள் அந்த ஊரில் என்ன செய்தீர்கள்?


காவேரிப்பட்டணம் திரை:

வாயால் சொல்வதுதான் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். இந்தப் படத்துக்கு அது ரொம்பவும் பொருந்தும், ஏனென்றால் படம் எடுத்த பிறகு சேர்த்த குரல்தான் முழுக்க, பெரும்பகுதி வண்டிக்காரனின் மனசுக்குள் ஓடும் பேச்சு. வாயசைவுக்குச் சேர வேண்டும் என்ற கவலை இல்லை.

ஆங்கில வரிகளைக் கையால் எழுதி எடு. பக்கத்திலேயே நேரத்தைக் குறி. அப்புறம் தமிழாக்கு, ஆனால் மேடைத் தமிழ் வேண்டாம், உங்கள் ஊரில் குதிரை வண்டி இருந்தால் அதை ஓட்டுகிறவர் எப்படிப் பேசுவாரோ அப்படி. படிப்பதற்கு உன்னைப் போல் வாசகர் வட்டத்து ஆள் வேண்டாம். ஆட்டோ ஓட்டுகிற, நல்ல கனத்த குரல் உள்ள ஒருவரைப் பிடி. நாங்கள் டெம்போ ஸ்டாண்டிலிருந்து ஒருவரைப் பிடித்தோம், ஒத்திகையிலேயே அவர் இரண்டு வரியை மாற்றிச் சொன்னார், நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. மனைவிக்கு ஒரு பெண் குரல் வைத்துக்கொள். கடைசியில் அவள் பிள்ளையை அவன் மடியில் விட்டுவிட்டு, ராத்திரிக்குச் சாப்பாடு இருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே போவாள். அந்த ஒரு வரியை அழாமல், சாதாரணமாகச் சொல்லச் சொல்.

படிப்பவர் திரைக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும், படமும் தெரிய வேண்டும், தாளும் தெரிய வேண்டும். மேசை விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் வெளிச்சம் திரையில் அடிக்காது. ஆம்ப்ளிஃபயரில் ஒருவர் கை வைத்தபடியே இருக்கட்டும், பேச்சு வரும்போது படத்தின் ஒலியைக் குறைத்து, பாணன் பாடும் இடத்தில் முழுசாகத் திறந்துவிட வேண்டும். அந்தப் பாட்டுக்குத் தமிழ் சொல்லாதே, கேட்கட்டும்.

படத்தைத் திருட்டுப் பிரதியில் போடாதே. சீரமைத்த நல்ல பிரதி விற்பனைக்கு இருக்கிறது, உரிமை வைத்திருப்பவர்களுக்கு மெயில் போட்டு, கட்டணமில்லாத கிராமத் திரையிடல் என்று எழுதிக் கேள். பௌர்ணமி ஒட்டிய நாளைத் தவிர்த்துவிடு, திறந்தவெளியில் நிலா வெளிச்சம் கறுப்பு வெள்ளைப் படத்தை வெளுக்க வைத்துவிடும். எங்கள் பக்கம் மாங்காய் சீசனில் யாரும் வரமாட்டார்கள், எல்லோரும் கூழ் ஃபாக்டரியில் ஷிப்ட் பார்ப்பார்கள். உங்கள் பக்கம் எந்த மாதம் கை ஓய்வு என்று கேட்டுத் தேதி வை.

அறிமுகம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 2007 ஜூன் 9 அன்று டக்காரில் தன் வீட்டில் காலமானார் என்பதோடு முடித்துவிட்டுப் படத்தை ஓட விடு. பேச்சுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வை, முதல் மைக்கைப் பெண்கள் உட்காரும் பக்கம் நீட்டு. தேதி முடிவானதும் இங்கே போடு. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் நான் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், டீசலுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.